ஸ்வெட்டர் பின்னினால் என்ன மாறிவிடும்?

அன்புள்ள மேடம்,

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். வடகிழக்கில் ஒரு கண்டோன்மென்ட்டில் குடும்பத்தோடு இருக்கிறோம். எனக்கு இந்தி அரைகுறை. உள்ளூர் மொழி சுத்தமாகத் தெரியாது. பக்கத்தில் ரோடு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னித் தருவேன். எதிர் குவார்ட்டர்ஸில் ஒரு பெண்ணுக்கு இப்போதுதான் பிரசவம் ஆனது. அவள் கணவர் எல்லையில் டியூட்டியில் இருப்பதால் ரசம் சாதம் கொண்டுபோவேன்.

சமீபத்தில் ஒரு வரலாற்று நாவல் படித்தேன். 1963, தென் வியட்நாமின் தலைநகர் சைகோன். அமெரிக்க ராணுவ அதிகாரிகளின் மனைவிகள் வேலையாட்களோடு பங்களாவில் இருந்துகொண்டு, ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குப் பொம்மையும் மிட்டாயும் கொடுக்கிறார்கள். வெளியே நாடு எரிகிறது. அதைப் படித்ததிலிருந்து ஊசியைத் தொடவே மனசில்லை. நானும் என் மனத்திருப்திக்குத்தான் செய்கிறேனோ? “இதனால என்ன மாறிடப்போகுது?” என்று கணவரும் கேட்கிறார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்த நாவல் உங்களை உறுத்தியதில் நியாயம் இருக்கிறது. 1963 ஜூனில் திக் குவாங் டக் என்ற பௌத்தத் துறவி சைகோன் நாற்சந்தியில் தீக்குளித்தார். நவம்பரில் தென் வியட்நாம் அதிபர் டியெம் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு முடிவில் சுமார் 16,000 அமெரிக்கப் படையினர் அங்கே இருந்தார்கள். இதில் எதைப் பற்றியும் அந்த மனைவிகளிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. 1965 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஜான்சன் உத்தரவிட்டதும் குடும்பங்கள் நாடு திரும்ப வேண்டியதாயிற்று. எங்கே வாழ்வது என்பதையே பிறர் முடிவு செய்யும்போது, தன் கையால் ஒரு குழந்தைக்கு ஏதாவது செய்வது மனசுக்குப் பெரிய பிடிமானம். உங்களுக்கும் போஸ்டிங் ஆர்டர் அப்படித்தானே வருகிறது? அந்தத் திருப்தியை நினைத்துக் கூச்சப்படாதீர்கள். விரும்பிச் செய்யும் உதவி, கட்டாயத்துக்குச் செய்வதைவிட, வாங்குகிறவருக்கும் கூடுதல் நன்மை தருகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் நெட்டா வைன்ஸ்டைனும் ரிச்சர்ட் ரயனும் 2010இல் எழுதினார்கள்.

இன்னொரு ஆய்வு 2022இல் வந்தது, அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் செய்தது. சிகாகோவில் குளிர்நாளில் ஸ்கேட்டிங் திடலுக்கு வந்தவர்களிடம், முன்பின் தெரியாத ஒருவருக்குச் சூடான சாக்லேட் பானம் கொடுக்கலாம் என்றார்கள். வாங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைக் கொடுத்தவர்கள் குறைவாகவே கணித்திருந்தார்கள். உங்கள் ரசம் சாதத்தையும் நீங்கள் அப்படித்தான் எடைபோடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் மாற்றிப் பாருங்கள். என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நாவலில் உங்களை உறுத்தியது மிட்டாய் அல்ல, யாரும் கேட்காமல் கொடுத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு உங்கள் அரைகுறை இந்தி போதும். ஸ்வெட்டரைவிடச் செருப்பு அவசரமாக இருக்கலாம். எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சாப்பாட்டைவிட இரண்டு மணி நேரத் தூக்கம் தேவைப்படலாம். குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் கணவரின் கேள்வி. சீருடையில் இருக்கும் மனிதர் “என்ன மாறிடப்போகுது” என்று கேட்டால், அது உங்கள் ஸ்வெட்டரைப் பற்றி மட்டும் இருக்காது. தன் வேலையைப் பற்றியும் கேட்டுக்கொள்கிறாரோ என்னவோ. லீவு நாளில், பிள்ளைகள் தூங்கியபின், பதில் சொல்லாமல் அவரைப் பேசவிடுங்கள்.