அவர் அழவே இல்லையே – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கோவையில் வசிக்கிறோம். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், வயது 47. பம்ப் உதிரிபாகங்கள் ஜாப் ஒர்க். இரண்டு வருடமாக ஆர்டர் குறைந்துவிட்டது. மெஷின் வாங்கிய கடனுக்கு இ.எம்.ஐ. கழுத்தை நெரிக்கிறது. ஆறேழு மாதமாக மனிதர் வேறு ஆளாகிவிட்டார். சாம்பாரில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். பிளஸ் டூ படிக்கும் மகனோடு பேச்சே இல்லை. விசேஷம் என்றால் மட்டும் குடித்தவர் இப்போது தினமும் குடிக்கிறார். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மொட்டைமாடியில் நடக்கிறார். நெஞ்சை அடைக்கிறது என்றதால் இரண்டு தடவை ஈ.சி.ஜி. எடுத்தோம், நார்மல் என்றார்கள். போன வாரம் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "நான் இல்லேன்னா உங்களுக்குக் கடன் தொல்லையாவது தீரும்" என்றார். ஏதோ சலிப்பில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

தங்கை இதை டிப்ரஷன் என்கிறாள். மாமியார் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கச் சொல்கிறார். டிப்ரஷன் என்றால் அழுதுகொண்டு படுத்தே கிடப்பார்கள் அல்லவா? இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, தினமும் பட்டறைக்குப் போகிறார். டாக்டர் என்றாலே "எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்துகிறார். என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதியதைத்தான், உங்கள் அனுமதியோடு இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இன்சூரன்ஸ் பாலிசி விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் முதல் வரி. தான் இல்லாவிட்டால் குடும்பத்துக்கு நல்லது என்று ஒருவர் கணக்குப் போட ஆரம்பித்தால் அதைச் சலிப்பு என்று விடக்கூடாது. அவர் குடிக்காமல் இருக்கும் நேரம் பார்த்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். அப்படி நடப்பதில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கேட்டதே ஒரு ஆறுதலாக இருக்கிறது. ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்தும் வைத்திருந்தால், அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எதுவாக இருந்தாலும் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகள், பட்டறையிலோ தோட்டத்திலோ உள்ள பூச்சிமருந்து, ஆசிட் எல்லாவற்றையும் இன்றே அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

சரி, இது டிப்ரஷனா? நான் டாக்டர் இல்லை, உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் அழவில்லை என்பதை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்வீடனில் காட்லாந்து என்று ஒரு தீவு. 1983, 84-இல் அங்கே இருந்த பொது மருத்துவர்களுக்கு டிப்ரஷனைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தரப் பயிற்சி கொடுத்தார்கள். தீவில் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தால், குறைந்தது ஏறக்குறைய முழுவதும் பெண்களிடம். ஆண்கள் முன்போலவே இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் டாக்டரிடம் வந்ததே இல்லை, ஆனால் போலீசுக்கும் சமூகநலத் துறைக்கும் தெரிந்த முகங்கள். குடி, சண்டை, எரிச்சல் என்று அவர்களுடைய நோய் வேறு வாசலில் போய் நின்றிருக்கிறது. அதற்குப் பிறகுதான் வொல்ஃப்காங் ரூட்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஆண்களுக்கென்று தனியாக ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். எரிந்து விழுகிறாரா, குடி கூடியிருக்கிறதா, தூக்கம் கெட்டிருக்கிறதா என்று போகும் அது. உங்கள் கடிதத்திலும் இவைதானே இருக்கின்றன?

நம் ஊர்க் கணக்கும் இதையே சொல்கிறது. டிப்ரஷன் என்று மருத்துவர்கள் குறித்து வைப்பது பெண்களுக்கே அதிகம். ஆனால் 2022-இல் இந்தியாவில் பதிவான 1,70,924 தற்கொலைகளில் சுமார் 72 சதவீதம் ஆண்கள்.

விடிகாலை விழிப்பும் முக்கியமான ஒரு தடயம். கடன் கவலையில் தூக்கம் வராமல் புரள்வது எல்லோருக்கும் நடக்கும். டிப்ரஷனில் பலர், தூங்கினாலும் மூன்று, நான்கு மணிக்கே எழுந்துவிடுவார்கள், அவர்களுக்குக் காலைப்பொழுதுதான் இருப்பதிலேயே மோசமாக இருக்கும். முன்பு பிடித்திருந்த எதிலாவது இப்போது அவருக்கு நாட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. உங்களுக்கு ஆறு மாதம் ஓடிவிட்டது.

"எனக்கென்ன பைத்தியமா?" என்பவரிடம் வாதாட வேண்டாம். நெஞ்சடைப்புக்காக இரண்டு தடவை வந்தார் இல்லையா, அந்த வழியிலேயே போங்கள். "தூக்கம் இல்ல, நெஞ்சு அடைக்குது, என்னன்னு பார்த்துடலாம்" என்று சொல்லி அவர் நம்பும் குடும்ப டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எனக்கு எழுதியதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், பாலிசி பேச்சையும் மறைக்காமல். தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 பார்ப்பார்கள். இவையும் ஆளைச் சோர்வாக்கக்கூடியவை. மனநல மருத்துவரிடம் போகச் சொல்லி டாக்டர் வாயால் வந்தால் உங்கள் வீட்டுக்காரர் கேட்கக்கூடும். கோவை அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். அதுவரை 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணுக்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவர்தான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களே கூப்பிட்டு வழி கேட்கலாம்.

மாத்திரை கொடுத்தால் அதில்தான் ஆண்கள் பலர் கோட்டை விடுகிறார்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், ஆனால் வயிற்றுப் புரட்டல் முதல் நாளே வரலாம். "இது எனக்கு ஒத்துக்கல" என்று நான்காம் நாள் தூக்கிப் போடுவார்கள். சில மாத்திரைகளில் தாம்பத்திய ஆர்வம் குறையும். அதை யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு ரகசியமாக நிறுத்திவிடுவார்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும், திடீரென்று நிறுத்தக்கூடாது. குடியைப் பற்றியும் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தூங்குவதற்காகக் குடிக்கிறேன் என்பார், அந்தக் குடிதான் விடிகாலைத் தூக்கத்தை இன்னும் கெடுக்கிறது.

மாமியார் சொல்லும் பொங்கலையும் வையுங்கள். கோவிலுக்குப் போகும் சாக்கில் அவர் வெயிலில் நடந்து, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டால் அதுவும் நல்லதுதான். டாக்டருக்குப் பதிலாக மட்டும் அது ஆகிவிடக்கூடாது. கடன் பேச்சை அவர் தலையிலேயே கட்டாமல், உங்கள் பக்கத்திலோ அவர் பக்கத்திலோ கணக்கு தெரிந்த ஒருவரை பேங்குக்கு உடன் அனுப்புங்கள். தவணையை மாற்றிக் கேட்பதில் கௌரவம் ஒன்றும் போய்விடாது. இதைச் சொல்லக் காரணம், மாத்திரை சாப்பிட்டாலும் இ.எம்.ஐ. அப்படியேதான் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. நோய் என்று புரிந்துகொள்வது வேறு, அடி வாங்குவது வேறு. தட்டைத் தள்ளியவர் கை ஓங்கினால், மகனைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுங்கள். அவரோடு இருக்க அவர் தம்பியையோ நண்பரையோ வரச் சொல்லிவிட்டுப் போங்கள். மகனிடம் எதையும் மூடி மறைக்க வேண்டாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அவர் பேசாமல் இருப்பது உன்மேல் உள்ள கோபத்தால் இல்லை என்று சொல்லுங்கள். பிளஸ் டூ படிக்கிற பையனுக்குப் புரியும். அப்பா இன்சூரன்ஸ் பற்றிச் சொன்னது ஏற்கெனவே அவன் காதிலும் விழுந்திருக்கலாம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.