பாமாயிலும் பீரங்கிப் படகும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்கா பங்குபோடப்பட்டது பற்றிய உங்கள் கட்டுரையில், ஐரோப்பாவில் ஆலைகள் வந்திராவிட்டால் அந்தக் கண்டம் அவ்வளவு வேகமாகப் பறிபோயிருக்காது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இது ஒப்பவில்லை. கொலம்பஸும் வாஸ்கோ ட காமாவும் கிளம்பியபோது நீராவி எஞ்சினே கிடையாது. பேராசையும் துப்பாக்கியும் போதுமானதாக இருந்தன. பிறகு எதற்குத் தொழிற்புரட்சியை இழுக்க வேண்டும்? பள்ளியில் படித்த ‘மூலப்பொருள், சந்தை’ என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? காங்கோ ரப்பர் பற்றியும் எழுதுங்கள்.

க., திருச்சி

அன்புள்ள க.,

பேராசை பழையதுதான், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் காலக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். போர்ச்சுகீசியர் 15ஆம் நூற்றாண்டிலேயே மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் 400 வருஷம் ஐரோப்பியர்கள் பெரும்பாலும் கரையோரக் கோட்டைகளில் உட்கார்ந்து பொன்னையும் தந்தத்தையும் லட்சக்கணக்கில் அடிமைகளையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். உள்நாடு அங்கத்திய அரசர்களிடமே இருந்தது. 1880 வாக்கில்கூட கண்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஐரோப்பியர் கையில். 1914இல் தப்பி நின்றவை எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டும். பேராசை எப்போதும் ஒரே அளவில் இருந்தது என்றால், இந்த 34 வருஷத்தில் புதிதாக என்னதான் வந்தது?

நைஜர் ஆற்றை எடுத்துக்கொள்வோம். 1807இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைச் சட்டப்படி நிறுத்தியது. அதே காலத்தில் லிவர்பூல் வியாபாரிகளுக்கு நைஜர் கழிமுகத்தில் வேறொரு சரக்கு கிடைத்தது, பாமாயில். இன்று நம் ரேஷன் கடையில் வாங்குகிறோமே, அதே எண்ணெய்தான். அந்த மரத்தின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. அன்று அது போன இடம் ஆலை. எஞ்சின்களுக்கும் ரயில் அச்சுகளுக்கும் கிரீஸாக, இரும்புத் தகட்டுக்கு வெள்ளீயம் பூசும் பட்டறையில், அப்புறம் சோப்புக்கும் மெழுகுவத்திக்கும். மிளகு ஒரு வருஷம் வராவிட்டால் பணக்காரர் வீட்டு விருந்து ருசிக்காது, அவ்வளவுதான். ஆனால் எண்ணெய் வராவிட்டால் சோப்பு ஆலை நிற்கும், போட்ட முதல் முடங்கும், ஆட்களுக்கு வேலை போகும். சரக்கு தவறாமல் வர வேண்டும், விலையும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற நெருக்கடி இங்கேதான் தொடங்குகிறது. ‘மூலப்பொருள்’ என்று ஒரே வார்த்தையில் பாடப்புத்தகம் தாண்டிப்போவது இதைத்தான்.

அந்த எண்ணெய் உள்நாட்டுச் சந்தைகளிலிருந்து ஆப்பிரிக்க வணிகர்கள் வழியாகத்தான் கரைக்கு வந்தது. அவர்களில் பெரிய ஆள் ஜாஜா. சிறுவனாக அடிமையாய் விற்கப்பட்டு, வியாபாரத்தில் தலையெடுத்து, 1869இல் ஒபோபோ என்ற தன் நகரத்தையே நிறுவியவர். விலை சரிந்த காலத்தில் வெள்ளை வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து அடிமாட்டு விலை பேசியபோது, அவர் அவர்களை ஒதுக்கிவிட்டு லிவர்பூலுக்கே நேராகச் சரக்கு அனுப்பினார். 1884இல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டபோது, தங்குதடையற்ற வணிகம் என்ற பிரிவை அடித்துவிடச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்திட்டார். எவ்வளவு தெளிவான மனிதர் பாருங்கள்! 1887இல் ஹாரி ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் கான்சல் அவரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். எங்கள் யோசனையை ஏற்றாலும் மறுத்தாலும் தடையில்லாமல் திரும்பிப் போகலாம் என்று எழுத்திலேயே உறுதி கொடுத்தார். நம்பி வந்த ஜாஜாவிடம், ஒன்று எங்களோடு அக்ரா (இன்றைய கானாவின் தலைநகர்) வந்து விசாரணைக்கு நில், இல்லையென்றால் உன் ஊர் பீரங்கிக்கு இரையாகும் என்றார்கள். அவர் தன்னை ஒப்படைத்து ஊரைக் காப்பாற்றினார். கரீபியன் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டு, 1891இல் திரும்ப அனுமதி கிடைத்து, வருகிற வழியில் டெனரிஃப் தீவில் இறந்துபோனார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, இதை ஏன் 100 வருஷம் முன்பே செய்யவில்லை? முடியவில்லை என்பதுதான் பதில். 1832இல் மக்ரெகர் லெய்ர்ட் இரண்டு நீராவிக் கப்பல்களோடு நைஜருக்குள் போனார். கூடப்போன 48 ஐரோப்பியர்களில் உயிரோடு திரும்பியவர்கள் 9 பேர். பெரும்பாலும் காய்ச்சல்தான். 1854இல் டாக்டர் வில்லியம் பெய்க்கி போனபோது எல்லோருக்கும் தினமும் மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா (குயினைன்) கொடுத்தார், ஒரு ஐரோப்பியர்கூட சாகவில்லை. அந்த மருந்து இருக்கும் சிங்கோனா மரப்பட்டையைப் பொடித்துக் குடித்த காலத்தில் இது நடந்திருக்காது. 1820இல் பாரிஸில் மருந்தைத் தனியே பிரித்தெடுத்த பிறகு, அளவு பார்த்து, பெரிய அளவில் தயாரிக்க முடிந்தது. (பிறகு சிங்கோனா மரத்துக்காகத்தான் நம் தொட்டபெட்டாவிலும் தோட்டம் போட்டார்கள்.) காற்றையும் நீரோட்டத்தையும் நம்பாமல் ஆற்றில் மேலேறும் படகு, அதில் பீரங்கி, காய்ச்சலுக்கு மருந்து, கடைசியில் தொடர்ந்து சுடும் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கி. அத்தனையும் ஆலைகளும் ஆய்வுக்கூடங்களும் கொடுத்தவை. நாடு பிடிக்கும் செலவு இவற்றால் சட்டென்று குறைந்தது, ஒரு கம்பெனியே அதைச் செய்யலாம் என்ற அளவுக்கு. 1886இல் பிரிட்டிஷ் அரசின் சாசனம் பெற்ற ராயல் நைஜர் கம்பெனி அதைத்தான் செய்தது. உரிமம், வரி என்று போட்டு கழிமுகத்து நெம்பே மக்களை அவர்களுடைய சொந்தச் சந்தைகளிலிருந்தே விரட்டியது. 1895 ஜனவரியில் அவர்களுடைய அரசர் கோகோ அகாஸாவில் இருந்த கம்பெனித் தளத்தைத் தாக்கினார், அடுத்த மாதமே பிரிட்டிஷ் கடற்படை நெம்பேயைக் கொளுத்தியது. சாசனம் ரத்தானபோது பிரிட்டிஷ் அரசு கம்பெனிக்குக் கொடுத்த நஷ்டஈடு 8,65,000 பவுண்டு. நெம்பேக்காரர்களுக்கு யாரும் நஷ்டஈடு பேசவில்லை. 1920இல் அந்தக் கம்பெனியை வாங்கியவர்கள் சோப்பு முதலாளிகளான லீவர் சகோதரர்கள்.

போர்ச்சுகலை வைத்து நீங்கள் என்னை மடக்கலாம். அங்கே பெரிய ஆலைத் தொழில் கிடையாது, ஆனாலும் அங்கோலாவும் மொசாம்பிக்கும் அதன் கையில் இருந்தன. உண்மைதான். ஆனால் அந்த உள்நாடுகளை முழுசாகப் பிடித்தது இதே காலத்தில், இதே கருவிகளோடுதான். ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றுக்கும் இடையே இருந்த போட்டியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் போட்டியால் அவ்வளவு தூரம் உள்ளே நீள முடிந்ததற்குக் காரணம் கொய்னாவும் நீராவிப் படகும்.

காங்கோ ரப்பரை இதே பதிலில் அடைக்க மனம் வரவில்லை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதற்கும் பெல்ஜிய அரசர் லியோபோல்டின் ஆட்கள் காங்கோவில் கைகளை வெட்டியதற்கும் நடுவில் சில வருஷங்கள்தான். அதைத் தனியாகவே எழுதுகிறேன்.