பி.ஏ. வரலாற்றில் மகளைச் சேர்க்கலாமா?

திண்டிவனத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "என் மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பி.காம். இடம் கிடைக்கும் என்றாலும், பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் மனப்பாடம் செய்ய மூன்று வருடமா என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். அதைப் படித்தால் வேலை கிடைக்குமா?"

சேர்க்கலாம் என்பதே என் பதில். ஆனால், அந்த மூன்று ஆண்டுகளில் அவர் மூலச் சான்றுகளை நேரடியாகப் படிக்கப் பழகுவாரா, அல்லது வழிகாட்டி நூல்களை வைத்துத் தேர்வெழுதிவிட்டு வெளியேறுவாரா என்பதைப் பொறுத்தே இப்பட்டத்தின் பயன் அமையும்.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைப் பற்றி உங்கள் மகள் பள்ளியில் படித்திருப்பார். சோழர் காலத்திலேயே ஊராட்சித் தேர்தல் நடந்தது என்ற ஒற்றை வரியாக அது அவர் நினைவில் இருக்கும். கல்லூரியில் அதற்குச் சான்றான உத்திரமேரூர்க் கல்வெட்டின் வாசகத்தையே கையில் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும், அங்கே இரண்டு முறை உறுப்பினர் தேர்வுக்கான விதிகள் வெட்டப்பட்டன. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும்; முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிடக் கூடாது. முதல் கல்வெட்டு 30 முதல் 60 வரை என்று வைத்த வயது வரம்பை, இரண்டாவது கல்வெட்டு 35 முதல் 70 வரை என்று மாற்றுகிறது. வரலாற்று மாணவரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. இரண்டே ஆண்டுகளில் விதியைத் திருத்த வேண்டிய நெருக்கடி என்ன? இது பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை என்றால், நிலத்தை உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் என்ன இடம் இருந்தது? விதி எழுதப்பட்டிருப்பதால் மட்டுமே அது நடைமுறையில் இருந்தது என்று கொள்ளலாமா? இவ்வாறு கேட்கக் கற்றவருக்கு மனப்பாடம் இரண்டாம்பட்சமாகிவிடும். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, திருச்சிப் பகுதியின் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, சோழர் கால நில உடைமை ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்ததைக் காட்டியதும் இப்படிப் பொறுமையாகப் படித்ததன் விளைவுதான்.

இனி வேலை. இளங்கலைப் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இத்துறையிலேயே வேலை பெறுவது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்றால் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கலாம். கல்லூரி ஆசிரியராக முதுகலைப் பட்டமும், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட்டில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ தேவை. குடிமைப் பணித் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். ஆயினும் அதன் முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள்களுக்கு 500 மதிப்பெண் உண்டு. பொது அறிவின் முதல் தாளிலும் வரலாறு கணிசமாக இடம்பெறுகிறது. அகழாய்விலோ கல்வெட்டிலோ ஆர்வம் பிறந்தால், முதுகலைக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு முயலலாம். இவற்றில் எது தம் வழி என்பதை இரண்டாம் ஆண்டிலேயே அவர் ஓரளவு முடிவு செய்துகொள்வது நல்லது. மூன்றாம் ஆண்டின் இறுதித் தேர்வு முடிந்தபின் யோசிக்கத் தொடங்கி, ஒன்றிரண்டு ஆண்டுகளை இழந்த மாணவர்களை நான் வருத்தத்துடன் பார்த்திருக்கிறேன்.

பயிற்று மொழி குறித்து நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. பள்ளி முதலே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. ஆனால், தென்னிந்திய வரலாற்று ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருப்பதாலும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கிழக்கிந்தியக் கம்பெனி காலப் பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதாலும், எந்த வழியில் சேர்ந்தாலும் நாள்தோறும் சில பக்கங்கள் ஆங்கிலத்தில் படிக்கும் பழக்கத்தை முதல் பருவத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்காதீர்கள். வரலாற்றுத் துறைக்கே நேரில் சென்று, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், மாணவர்களைக் களப்பயணத்துக்கு அழைத்துச் செல்கிறார்களா, இறுதியாண்டில் ஆய்வேடு எழுத வைக்கிறார்களா என்று கேளுங்கள். நூலகத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றனவா, அவற்றை மாணவர்கள் எடுத்துப் பார்க்க முடியுமா என்பதையும் விசாரியுங்கள். இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் ஒரு சாதாரண அரசுக் கல்லூரி, பெயர்பெற்ற பல கல்லூரிகளைவிட உங்கள் மகளுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

விண்ணப்பிப்பதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள். உத்திரமேரூர் உங்கள் ஊரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் அந்த எழுத்துகளின் முன் அவரைச் சிறிது நேரம் நிற்க விடுங்கள். அங்கே அவர் என்னென்ன கேள்விகள் கேட்கிறார் என்று கவனித்துவிட்டு, பி.காம். விண்ணப்பத்தை என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள்.