வெந்தய முளையும் ஐந்து கால் நஞ்சும்

கேள்வி: ஹாம்பர்க்கில் வேலை பார்க்கும் என் மகள், "முளைகட்டின வெந்தயத்தைப் பச்சையாகத் தின்னாதே அம்மா, 2011-இல் இங்கே அதனால் பலர் செத்துப்போனார்கள்" என்று போனில் அதட்டுகிறாள். கிருமிதானே டாக்டர், ஆன்டிபயாட்டிக் போட்டால் தீராதா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: மகள் சொல்வது சரி. அந்த மே மாதம் வடக்கு ஜெர்மனியின் ஆஸ்பத்திரிகளில் ரத்தபேதிக்காரர்கள் வந்து குவிந்தார்கள். முதலில் பழி ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் விழுந்தது. பாவம், அந்த ஊர் விவசாயிகள் காய் விற்காமல் தவித்தார்கள். கடைசியில் மாட்டியது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதை. ஏறக்குறைய 3,800 பேருக்கு நோய். 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கிருமி, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் ஒரு வகை. ஆளைச் சாய்ப்பது அது கக்கும் ஷிகா நஞ்சு. அந்த நஞ்சுக்கான மரபணு, கிருமிக்குள் குடித்தனம் இருக்கும் ஒரு வைரஸுடையது. சில ஆன்டிபயாட்டிக்குகள் கிருமியின் டிஎன்ஏவைக் குலைத்ததும் வைரஸ் விழித்துக்கொள்கிறது. பெருகி, கிருமியை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. நஞ்சும் கூடவே கொட்டுகிறது. நாங்கள் தயங்குவது அதனால்தான்.

சரி, நஞ்சை மட்டும் மடக்கினால்? கனடாக்காரர்கள் செய்து பார்த்தார்கள். இந்த நஞ்சுக்கு ஐந்து கால், ஒரு கத்தி. கால்கள் நம் செல்லின் மேலிருக்கும் ஒரு சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். கத்தி உள்ளே போய்ப் புரதம் செய்யும் வேலையை நிறுத்தும். சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் அந்தச் சர்க்கரை ஏராளம், அதனால் அடி அங்கேதான். (மாட்டின் ரத்தக்குழாயில் அது இல்லை. கிருமியைக் குடலில் வைத்துக்கொண்டே மாடு அதுபாட்டுக்கு அசைபோடும்.) மணல்போன்ற சிலிக்காத் துகளில் அதே சர்க்கரையை ஒட்டி 'சின்சார்ப்' என்று ஒரு மருந்து செய்தார்கள். குடலில் இருக்கும் நஞ்சு இந்தப் போலியில் காலை வைத்து மாட்டிக்கொண்டு மலத்தோடு போய்விடும் என்பது கணக்கு.

சோதனைக்குழாயில் அபாரமாக வேலை செய்தது. அமெரிக்கா, கனடாவின் 26 மருத்துவமனைகளில் 145 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2003-இல் வெளிவந்தது. சின்சார்ப் குடித்த குழந்தைகளுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்துக்குப் பதில் வெறும் சோளமாவு குடித்த குழந்தைகளுக்கும் வித்தியாசமே இல்லை!

எனக்கு மருந்தைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அந்தக் குழந்தைகள் சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்டு வந்தவர்கள். நஞ்சு குடலைத் தாண்டிப் போனபிறகு குடலில் வலை விரித்து என்ன பயன்? பேதி தொடங்கி ஒரு வாரத்துக்குள் இதெல்லாம் நடந்துவிடும். ரத்தத்திலேயே நஞ்சைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களையும் முயன்று பார்த்தார்கள். கடைக்கு இன்னும் எதுவும் வரவில்லை. இன்றைக்கும் நம்பியிருப்பது வேளையோடு ஏற்றும் குளுக்கோஸ்-சலைனையும், தேவைப்பட்டால் டயாலிசிஸையும்தான்.

கேள்வி: அப்படியானால் முளைகட்டவே கூடாதா? (அதே வாசகியின் பின்குறிப்பு)

பதில்: தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் ஈரத்துணி, வெதுவெதுப்பு, ராத்திரி முழுக்க நேரம்: வெந்தயம் முளைக்கக் கேட்பதெல்லாம் கிருமியும் கேட்பதுதான். விதையின் வெடிப்புக்குள் ஒளிந்திருப்பதை எத்தனை முறை அலசினாலும் போகாது. இட்லிப்பானையில் ஆவியில் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். அப்புறம், பேதியில் ரத்தம் தெரிந்தால் பேதியைக் கட்டும் மாத்திரையை மட்டும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். நஞ்சு உள்ளேயே தங்கிவிடும்.