பாளையிலிருந்து அம்பைக்குக் குடிபோகலாமா?

கேள்வி: நெல்லையில், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். மூத்தவனுக்கு நாலு வயது, சின்னவள் கைக்குழந்தை. இங்கே வாடகை கொடுத்து மாளவில்லை. அம்பாசமுத்திரத்தில் வீடு பார்த்து, ரயிலில் வந்து போகலாம் என்று இருக்கிறோம். வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: அட்வான்ஸைக் கொடுக்கும் முன் ஒரு விஷயம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆனால் ‘ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் தவிர’ என்று ஒரு வால் உண்டு. பத்து மாதம் என்று எழுதியதில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் அந்த மூன்று மாதக் கணக்கு உங்களுக்கு உதவாது. பேரம் பேச வேண்டிய நேரம் இப்போதுதான். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

அடுத்தது ரயில். செங்கோட்டை லைன் ஒற்றைப் பாதை, வண்டிகளும் கொஞ்சம். அம்பையிலிருந்து நெல்லை ஜங்ஷனுக்குச் சுமார் 35 கிலோமீட்டர். ஜங்ஷனில் இறங்கி ஆற்றுப்பாலம் தாண்டி ஹைகிரவுண்டுக்கு இன்னொரு பஸ். பகல் ஷிஃப்டுக்கு இது ஒத்துவரலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் டியூட்டி முடிகிறவர் வீடு திரும்ப வண்டி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் பஸ்தான், மிச்சம் பிடித்த வாடகையில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கே போகும். சீசன் டிக்கெட்டில் மூன்று மாதத்துக்கு எடுத்தால் 2.7 மாதத்துக் கட்டணம்தான். பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். உங்கள் வீட்டம்மா நெல்லைக்கு வந்துபோவதாக இருந்தால், புறநகர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

வீட்டைப் பகலில் ஒரு தடவை பாருங்கள், மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை. வயல், கால்வாய் ஓரத்து வீட்டில் சுவரில் ஓதம் ஏறும். இடுப்பு உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் காரணம் கேளுங்கள். பீரோவுக்குப் பின்னால், குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று ஈரம் ஒட்டி, விரலில் வெள்ளைத் தூள் வந்தால் கைக்குழந்தையோடு அங்கே குடிபோக வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள். அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை. குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

வளவு வீடாக, அதாவது ஒரே வளாகத்தில் பல குடித்தனமாக இருந்தால் கரண்ட் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் அது இணைப்புக்குத்தான். நாலு குடும்பம் ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து ஓட்டினால், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணப் படிநிலையே மாறி, யூனிட் விலை எகிறும். தனி இணைப்பு உள்ள வீட்டுக்கு இருநூறு முந்நூறு ரூபாய் வாடகை கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பையனைப் பள்ளியில் சேர்க்கும்போது ‘நன்கொடை’ என்று கேட்டால் ரசீது கேளுங்கள். ஆறு முதல் பதினாலு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது கட்டணத்துக்கு மேல் நன்கொடை வசூலிப்பதையும், நுழைவுத் தேர்வு வைப்பதையும் 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது.

சாமான் ஏற்ற குட்டி யானை பேசும்போது ஏற்றுகூலி, இறக்குகூலி, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாடகைக்குப் பதில் சேர்மாதேவி பக்கம் மனையே வாங்கலாம் என்கிறார் புரோக்கர். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ இருக்கிறதாம். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்புத் துறை. அந்த ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. அங்கீகாரமில்லாத மனைகளை ஒழுங்குபடுத்தும் திட்டம்கூட 20.10.2016-க்கு முன் உருவானவற்றுக்குத்தான். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் புரோக்கர் தரும் ஜெராக்ஸில் பார்க்காமல், ஆன்லைனில் நீங்களே எடுத்துப் பாருங்கள். ஊர் பிடிக்கிறதா என்று தெரியாமல் மனை வாங்குவதும் அவசரம். ஒரு பிசான நெல் சாகுபடி முடியும் வரை, அதாவது ஐப்பசி மழையும் வயல் கொசுவும் பார்த்து முடிக்கும் வரை, வாடகைக்கே இருங்கள்.

கேள்வி: வீடு மாறும்போது கேஸ் சிலிண்டரையும் கொண்டுபோகலாமா?

பதில்: ஊர் மாறினால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, மாற்றுச் சீட்டும் டெபாசிட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பு உங்களுடையது. சீட்டைக் காட்டினால் புது ஊரில் இணைப்பு தருவார்கள். அடுப்பும் அங்கேதான் வாங்க வேண்டும் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். கேட்கவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.