கோயாவின் சிவப்பு உடைச் சிறுவன்: பறவையும் பூனைகளும் எதற்கு?

ஸ்பெயின் ஓவியர் கோயா 1787-88 வாக்கில் தீட்டிய மனுவேல் ஒசோரியோ என்ற சிறுவனின் படத்தைப் பற்றி அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அதிலுள்ள பிராணிகள் வெறும் அலங்காரமா என்பது கேள்வி. நிச்சயமாக இல்லை. படத்தின் உயிரே அவற்றில்தான் இருக்கிறது.

நம் திருநெல்வேலிச் சீமையில் கையில் பறவையுடன் ஓர் உருவத்தைக் கண்டால் ஆண்டாளின் கிளிதான் நினைவுக்கு வரும். மங்கலம் என்று எண்ணி நகர்ந்துவிடுவோம். இங்கே அப்படி நகரக் கூடாது. ஐரோப்பியக் கிறித்தவ ஓவிய மரபில் பறவை பெரும்பாலும் ஆன்மாவைக் குறிக்கும். கூண்டுப் பறவை கள்ளமற்ற பருவத்தை.

படத்தின் கீழ்ப்பகுதியை நிதானமாகப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்றின் காலில் கயிறு. அதன் மறுமுனை சிறுவனின் கையில். பறவையின் அலகில் ஒரு சீட்டு, அதில் ஓவியரின் பெயர். வலப்பக்கம் கூண்டு நிறையக் குருவிகள். இடப்பக்கம் பூனைகள், இமைக்காமல் அந்தப் பறவையையே குறிவைத்திருக்கின்றன. ஒன்று இருட்டோடு இருட்டாகப் பதுங்கியிருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. பையனோ எதையும் கவனிக்கவில்லை. குழந்தையின் உலகுக்கும் ஆபத்துக்கும் இடையே ஒரு கயிற்றளவு தூரம்தான் என்பதே என் வாசிப்பு.

1784இல் பிறந்த அவன் 1792இல் இறந்துவிட்டான். அதை வைத்துப் பூனைகளை மரண முன்னறிவிப்பு என்பார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. தூரிகையைப் பிடித்தபோது கோயாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.