டர்போ காரும் ஆயில் கசிவும்: உங்கள் கேள்விகள்

கேள்வி: பழைய ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகுகிறது என்று கியர்பாக்ஸை இறக்கி மாற்றினார்கள். நான்கே மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது. ஐடிலிங்கில் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தமும் வருகிறது. அதே ஒர்க்‌ஷாப்பில் மறுபடி முழுக் கூலி கேட்கிறார்கள். (ஈரோடு வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். அந்த விசில்தான் நோய், சீல் ஒழுகுவது அதன் விளைவு.

எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் இன்ஜினின் அடிப்பகுதி) இறங்கத்தான் செய்யும். நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்களே, அதுதான். இந்த வாயு வெளியேறும் வழி பிரீதர். அதைக் கட்டுப்படுத்துவது பிசிவி வால்வு. உங்களுடையது போன்ற டர்போ பெட்ரோல் இன்ஜினில் இதற்கு இரண்டு பாதைகள் உண்டு. மெதுவாக ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சல் வாயுவை இழுத்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து டர்போ ஊதத் தொடங்கியதும் மேனிஃபோல்டில் உறிஞ்சல் போய் அழுத்தம் வந்துவிடும். அப்போது ஒருவழி வால்வு அந்தப் பாதையை மூடிவிட, வாயு டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய் வழியாகப் போகும். அந்த ஒருவழி வால்வு கெட்டால் டர்போவின் காற்று கிராங்க்கேஸுக்குள்ளேயே பாயும். உள்ளே அழுத்தம் ஏறினால் எந்த சீல் பலவீனமோ அது வழியாக ஆயில் வெளியே வரும்.

உங்கள் காரில் நடப்பது வேறு. இந்த இன்ஜினின் பிசிவியில் உள்ள டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு கிழிவது அனுபவமுள்ள மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது கிழிந்தால் உறிஞ்சல் அளவு மீறும். பின்பக்க சீலின் விளிம்பு வழியாகவே காற்று உள்ளே இழுபடும். அந்தக் காற்றின் சத்தம்தான் விசில். அந்த இழுப்பில் சீலின் விளிம்பு கெட்டு ஆயில் ஒழுகத் தொடங்கும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் மூடியை மெதுவாகத் திருகித் தூக்கிப் பாருங்கள். யாரோ உள்ளிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல் இறுக்கமாக இருந்து, திறந்த கணத்தில் விசில் நின்றுவிட்டால், குற்றவாளி டயாஃப்ரம்தான். பிசிவியை மாற்றாமல் சீலை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் ஒழுகும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பிசிவி இன்ஜினின் மேலேயே இருக்கிறது, சில போல்ட்களைக் கழற்றினால் கையில் வந்துவிடும். கியர்பாக்ஸை இறக்கக் கூலி வாங்கத் தெரிந்தவருக்கு, அதற்கு முன் ஆயில் மூடியைத் தூக்கிப் பார்க்கத் தெரியாதா? சீல் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுக்கும் யாரிடமும் "பிரீதர் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். பார்த்ததை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பழைய பில்லைக் குறிப்பிட்டு, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வேலை செய்ததால் கூலி வாங்காமல் சரிசெய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

கேள்வி: கசிவை நிறுத்தும் பாட்டில் மருந்து ஊற்றலாமா? (கரூர்)

பதில்: வேண்டாம். இறுகிப்போன ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும், அவ்வளவுதான். உள்ளே ஏறிய அழுத்தத்தை அது குறைக்காது.

கேள்வி: டீசல் கார். நீலப்புகை வருகிறது. இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) குழாயில் ஆயில் இருப்பதைக் காட்டி, டர்போ போய்விட்டது, 40,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். (திருநெல்வேலி)

பதில்: பணத்தைப் பிடித்து வையுங்கள். பிரீதர் வாயுவோடு ஆயில் ஆவியும் போவதால், இன்டர்கூலர் குழாயில் மெல்லிய ஆயில் படலம் இருப்பது சகஜம். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையில்தான் கீழே இறங்குகிறது. பிரீதர் அடைத்து கிராங்க்கேஸில் அழுத்தம் இருந்தாலோ, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ, இறங்க முடியாமல் நல்ல டர்போவும் ஒழுகும். முதலில் டிப் ஸ்டிக், பிரீதர் ஹோஸ், ஏர் ஃபில்டர், டர்போவின் ஆயில் இறங்கும் குழாய் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு டர்போ ஷாஃப்டை விரலால் அசைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இம்மி அசையலாம். முன்னும் பின்னும் ஆடினால்தான் டர்போ மேல் சந்தேகம்.

குழாயில் ஆயில் தேங்கியே நின்றால் காரை எடுக்காதீர்கள். டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும் ஆபத்து இருக்கிறது. அப்போது சாவியை அணைத்தாலும் நிற்காது. கியர் கார் என்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டு அடக்க வேண்டும்.

கேள்வி: வீடியோவில் பார்த்து பழைய டீசல் கார் வாங்கினேன். ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. விற்றவர் போனை எடுப்பதில்லை. (திருச்சி)

பதில்: லட்சக்கணக்கில் கொடுக்கும் முன் பஸ் ஏறிப்போய் ஒரு மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம். டீசலில் லேசாக ஊதுவது இயல்பு, விடாமல் புகை தள்ளுவது இல்லை. பிரீதரைச் சுத்தம் செய்து பாருங்கள். அதற்கும் குறையாவிட்டால் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள். ரிங் தேய்ந்திருந்தால் இன்ஜின் வேலைதான்.

கேள்வி: டர்போ பெட்ரோல் காருக்கு ஆயில் கேட்ச் கேன் போடலாமா? (கோவை)

பதில்: பிரீதர் வாயுவிலிருந்து ஆயிலைப் பிரித்துப் பிடித்துவைக்கும் டப்பாதான் கேட்ச் கேன். வாரண்டி இருக்கும்வரை கை வைக்காதீர்கள். நான் வாங்கிய ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே தடுப்புத் தகடும் இல்லை, சல்லடையும் இல்லை. பாலிஷ் போட்ட வெறும் அலுமினிய டப்பா. ஒரு பக்கம் நுழைந்த ஆயில் ஆவி மறுபக்கம் அப்படியே போனது. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். நல்ல கேனாக இருந்தாலும் அவ்வப்போது வடிக்க வேண்டும், நிரம்பிவிட்டால் வழியே அடைபடும். ஹோஸை வெளிக்காற்றில் திறந்துவிடும் வகையை வாங்கவே வாங்காதீர்கள். பெட்ரோல் காரின் கிராங்க்கேஸ் வாயு வெளியே போகக் கூடாது என்பது பாரத் ஸ்டேஜ் விதி.

கேள்வி: கார் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. டாப்பட் கவர் ஓரத்தில் ஆயில் ஈரம். "அது வியர்வை சார், நார்மல்" என்கிறது சர்வீஸ் சென்டர். (மதுரை)

பதில்: உங்களை அலைக்கழிக்கிறார்கள். "நார்மல்" என்பதை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒரு படம், 500 கிலோமீட்டர் ஓட்டியபின் அதே இடத்தில் இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாரண்டிக்குள் புகார் பதிவாகியிருந்தால், முடிந்தபின் அவர்கள் கைவிரிப்பது கடினம். பேக்கிங்கை மாற்றும்போது பிசிவியையும் பார்க்கச் சொல்ல மறக்காதீர்கள்.